உப்பு பூத்த தட்டான்

மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாத ரகசியம் ஊரில் இருக்க முடியாது. பட்டா, சிட்டா, விவாகரத்து நோட்டீஸ், காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் என் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்துதான் போகின்றன. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அரசாங்கக் காகிதம் எதையும் பார்த்து நான் வாயைப் பிளந்தது கிடையாது, பஞ்சநாதன் கொண்டுவந்த நோட்டீஸைத் தவிர.

பஞ்சநாதன் குத்தகைக்கு நாலு பாத்தி எடுத்து உப்பு விளைவிப்பவர். வேலையாட்கள் என்று பார்த்தால் அவரும் அவர் மனைவி சின்னப்பாப்பாவும்தான். வருடம் முழுக்க வழித்த உப்பில் விற்றது போக மிஞ்சியதை மேட்டில் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியலை இங்கே அம்பாரம் என்போம். ஐப்பசியில் மழை பிடித்தால் தை கழிகிற வரைக்கும் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த நாலு மாதமும் அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமானால் அம்பாரம் லாரி ஏற வேண்டும். புதுச்சேரி வியாபாரி அந்தோணிசாமியின் லாரி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. நோட்டீஸ் வந்தது செவ்வாய்க்கிழமை.

அனுப்பியது மாநிலத் தட்டான் இன வகைப்பாட்டு ஆணையம். தட்டாம்பூச்சிகளை இனம் பிரிக்க அப்படி ஒன்று இருப்பது எனக்கும் அன்றுதான் தெரியும். பஞ்சநாதனுக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவருடைய உப்புக் குவியலின் தென்மேற்கு அடிவாரம், அறிவியலுக்கு இதுவரை தெரியாத ஒரு தட்டானின் மூலமாதிரித் தலம், அதாவது அது முதன்முதலில் கிடைத்த இடம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. மறு உத்தரவு வரும்வரை மேற்படி குவியலை அள்ளவோ, நகர்த்தவோ, மூடவோ, அதன்மீது செயற்கையாக நிழல் விழச் செய்யவோ கூடாது.

பஞ்சநாதன் நோட்டீஸை வாங்கி மடித்தார். பிறகு கேட்டார்.

"நெழல் விழக்கூடாதுன்னா, நான் பக்கத்துல நிக்கலாமா, கூடாதா?"

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நிற்கலாம் என்று சொன்னேன். அவர் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினார். கேலியாகச் சொன்னது என் தப்பு.

விஷயம் தொடங்கியது அதற்கு முந்தைய சனிக்கிழமை. ஆணையத்தில் உதவி வகைப்பாட்டாளராக இருக்கும் கலையரசன் என்ற இளைஞர், விடுமுறைக்கு ஆரோவில் போகிற வழியில் காரை நிறுத்திவிட்டு, உப்பளத்தைப் பின்னால் வைத்துத் தன்னைத்தானே படம் எடுத்திருக்கிறார். எடுத்த படத்தில் காலடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தால் தட்டான். உடம்பு வெள்ளை, கண் வெள்ளை, இறக்கை வெள்ளை. வெயிலில் கற்கண்டு மாதிரி மின்னியது.

அளத்தில் நடமாடுகிற யாருக்கும் இது புதிதில்லை. பாத்தியின் பளபளப்பைக் குளம் என்று நம்பித் தட்டான்கள் முட்டையிட வரும். அதில் ஒன்றிரண்டு தடுமாறி விழும். விழுந்தது எதுவானாலும் நாலு நாளில் உப்பு பூத்துவிடும். கொக்கின் இறகு பூக்கும், கருவேலங்குச்சி பூக்கும், போன வருடம் சின்னப்பாப்பாவின் ஒற்றைச் செருப்பு பூத்தது. வழிக்கும்போது அகப்படுகிற இந்தக் குப்பையையெல்லாம் பொறுக்கி ஓரமாகப் போடுவது அளத்து வழக்கம். பஞ்சநாதன் அம்பாரத்தின் அடியில் போடுவார். அவ்வளவுதான் சங்கதி.

இதைப் பஞ்சநாதன் அன்றைக்கே சொல்லியும் விட்டார். "பாத்தில வுழுந்து உப்பு பூத்துப்போச்சி சார். தண்ணில அலசுனா பழைய கலருக்கு வந்துடும்" என்றார். கலையரசன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியது எப்படி என்பதை நோட்டீஸோடு இணைத்திருந்த அறிக்கையில் பார்த்தேன். "இவ்வுயிரி பருவத்துக்கேற்பப் பூக்கும் தன்மை உடையது என்றும், நீர் பட்டால் நிறம் மாறும் ஆற்றல் கொண்டது என்றும் உள்ளூர் மக்கள் நம்புகின்றனர். மூடநம்பிக்கையாக இருக்கலாம், ஆயினும் ஆய்வுக்குரியது."

புதன்கிழமை காலை இரண்டு ஜீப்புகள் வந்தன. ஒன்றில் தட்டான் பிரிவு, இன்னொன்றில் ஊசித்தட்டான் பிரிவு. தட்டான் என்றால் உட்காரும்போது இறக்கையை விரித்து வைக்கும், கண் இரண்டும் ஒட்டியிருக்கும். ஊசித்தட்டான் இறக்கையை மடித்து வைக்கும், கண்கள் தள்ளித் தள்ளி இருக்கும். பூச்சிகளுக்குள் இதனால் சண்டை வந்ததாகத் தகவல் இல்லை. ஆணையத்தில் இரண்டு பிரிவுகளும் பதினோரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அம்பாரத்தின் உயரத்தைத் தட்டான் பிரிவு ஒருமுறை அளந்தது. ஊசித்தட்டான் பிரிவு தனியாக ஒருமுறை அளந்தது. இரண்டு அளவும் சேரவில்லை. இரண்டும் கோப்பில் ஏறின.

பிறகு நாலு கம்பு நட்டு மஞ்சள் நாடா கட்டினார்கள். காவலுக்கு அரசப்பன் என்று ஒருவரை ஒரு குடையோடும் ஒரு பதிவேட்டோடும் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். நாடாவைத் தாண்டி எந்தத் தட்டான் உள்ளே வந்தாலும் வந்த நேரம், போன நேரம், வந்த நோக்கம் மூன்றையும் அவர் எழுத வேண்டும். நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அரசப்பன் முதல் நாள் மிகவும் கஷ்டப்பட்டார். இரண்டாம் நாளிலிருந்து "சொந்த வேலை" என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. அந்தோணிசாமி இறங்கி நாடாவைப் பார்த்தார், அரசப்பனைப் பார்த்தார், பஞ்சநாதனைப் பார்த்தார். அரசாங்கம் இருக்கிற இடத்தில் நான் கை வைக்க மாட்டேன், தப்பாக நினைக்காதே என்று சொல்லிவிட்டு, பக்கத்து அளத்து ஆதிமூலத்தின் அம்பாரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சின்னப்பாப்பா லாரி ரோட்டில் ஏறித் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பஞ்சநாதன் என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஆணையம் விசாரணை முகாம் நடத்தியது. ஆட்சேபனை உள்ளவர்கள் ஐந்து நகல்களோடு வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். நகல் எடுத்தவன் என்ற முறையில் நானும் போனேன். மேடையில் நாற்காலி வேறு இல்லாததால், இயக்குநர் முனைவர் புருஷோத்தமன் மாப்பிள்ளை உட்காரும் சிம்மாசனத்திலும், ஊசித்தட்டான் பிரிவின் இணை இயக்குநர் மேரிசெல்வி பெண் உட்காரும் சிம்மாசனத்திலும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீற்றிருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலி. அதன்மேல் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் நம்முடைய தட்டான்.

வாசலில் ஏழாம் எண் படிவம் கொடுத்தார்கள். அதன் முதல் கேள்வி, ஆட்சேபனைக்குரிய உயிரி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது. பஞ்சநாதன் தெரியாது என்றார். அது தெரியாமல் படிவத்தை எந்தப் பிரிவில் பதிவது என்று கிளார்க் கேட்டார். அதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று நான் சொன்னேன். படிவம் பதிவான பிறகுதான் ஆணையம் கண்டுபிடிக்கத் தொடங்க முடியும் என்று அவர் விளக்கினார். நல்ல மனிதர். கோபப்படாமல் மூன்று முறை விளக்கினார். கடைசியில் பஞ்சநாதனைப் பார்வையாளர் என்று பதிந்து உள்ளே விட்டார்கள்.

உள்ளே வழக்கு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தட்டானின் இறக்கை காய்ந்து விறைத்துப் பாதி விரிந்தும் பாதி மடிந்தும் இருந்தது. பாதி விரிந்திருப்பதால் தட்டான் என்றது ஒரு பிரிவு. பாதி மடிந்திருப்பதால் ஊசித்தட்டான் என்றது இன்னொரு பிரிவு. கண்களை வைத்துத் தீர்க்கலாம் என்று பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு உப்புக்கல் உட்கார்ந்திருந்தது. அதை இடைவெளி என்று மேரிசெல்வி சொன்னார். இணைப்பு என்று புருஷோத்தமன் சொன்னார். பிறகு மேரிசெல்வி எழுந்தார்.

"சார், அஞ்சு வருஷத்துல ஒங்க பிரிவுக்குப் பதினேழு புது இனம் குடுத்திருக்காங்க. எங்களுக்கு மூணு. அந்த மூணுலயும் ஒண்ணு அப்புறம் கொசுன்னு ஆயிடுச்சி. இந்தத் தட்டான் எங்களுக்கு வரலைன்னா, எங்க பிரிவையே மூடிடுவாங்க. அதனால இது ஊசித்தட்டான்தான்னு அறிவியல்பூர்வமா சொல்றேன்."

அவருடைய பிரிவு ஆட்கள் நாலு பேர் கைதட்டினார்கள். இயக்குநர் தண்ணீர் குடித்துவிட்டு, மேசைமேல் இருந்த மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். அவர் பேசியதை நான் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், அதனால் அப்படியே தருகிறேன்.

"நான் இந்தத் துறைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒரு தட்டான் பறக்கும்போது நான் பார்த்ததில்லை. அதைப் பெருமையாவே சொல்றேன். பறக்கிறது, மேயிறது, முட்டை போடுறது, இதெல்லாம் தட்டானோட தனிப்பட்ட விஷயம். நமக்கு வேண்டியது அசையாம இருக்கிற பொருளும் ஒரு லேபிளும். இந்த உயிரி தட்டானும் இல்ல, ஊசித்தட்டானும் இல்ல. இது ஒரு புதுக் குடும்பம். அதுக்கு என் பேர் வைக்கலாம்னு நானே குழு போட்டு, அந்தக் குழுவும் ஒத்துக்கிட்டிருக்கு."

குழுவில் அவர் ஒருவர்தான் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது. குடும்பத்தின் பெயர் புருஷோத்தமிடே. லத்தீன் முறைப்படி அப்படித்தான் வருமாம்.

அந்த நேரத்தில்தான் சின்னப்பாப்பா எழுந்தாள். மேடைப் படிக்கட்டு வரைக்கும் போய் நின்று, கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள். இதை அதில் போட்டு எடுத்தால் உப்பு கரைந்து, எது என்னவென்று இப்போதே தெரிந்துவிடும், நாங்களும் போய் வேலையைப் பார்ப்போம் என்றாள். மூலமாதிரியை நனைப்பது பதினான்காம் விதியின்படி தண்டனைக்குரியது என்று இயக்குநர் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஒங்க தகுதி என்னம்மா?"

"இருவத்தாறு வருஷமா உப்பு வழிக்கிறேங்க."

"அது தொழில். நான் தகுதியைக் கேட்டேன்."

சின்னப்பாப்பா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த கோபத்தில் முக்காலியை எட்டி உதைத்திருக்க வேண்டும். உதைக்கவில்லை. அடுத்த மனுவுக்கு எத்தனை நகல் வேண்டும் என்று கிளார்க்கிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். அரசாங்கத்தோடு பழகிப் பழகி என் காலும் மனு போட்டால்தான் எழும் என்று ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் மழைத்தட்டான்கள் வந்தன.

மங்கின மஞ்சள் நிறத்தில் கூட்டங்கூட்டமாக, எங்கிருந்து வருகின்றன என்று யாருக்கும் தெரியாது. பாத்திக்கு மேலே முழங்கால் உயரத்தில் பறக்கும். அவை இப்படித் தாழ இறங்கினால் இரண்டு நாளில் மழை என்பது அளத்தில் எல்லாருக்கும் தெரியும், டிவி சொல்வதைவிட இதைத்தான் நம்புவார்கள். அன்று மத்தியானத்துக்குள் கண்ணுக்கு எட்டிய அம்பாரமெல்லாம் கீற்று போட்டு மூடியாகிவிட்டது. பஞ்சநாதனும் கடனாகவும் கைம்மாற்றாகவும் எண்பது தென்னங்கீற்றைச் சேர்த்து, நாடாவுக்கு வெளியே அடுக்கி வைத்துவிட்டு என் கடைக்கு ஓடி வந்தார். அரசப்பனின் பதிவேட்டில் அன்று மட்டும் ஆயிரத்து நூறு வரவு. மூன்று மணிக்குப் பேனா தீர்ந்து அவர் கை ஓய்ந்தது.

மனுவை நான்தான் எழுதினேன். தட்டான்கள் தாழப் பறக்கின்றன, மழை வரும், அம்பாரத்தை மூட மட்டும் அனுமதி வேண்டும், நாடாவை அவிழ்க்க வேண்டாம். இரண்டே வரி. ஐந்து நகல். பதில் புதன்கிழமை சாயங்காலம் கலையரசனின் வாட்ஸப்பிலிருந்து வந்தது. வானிலை ஆணையத்தின் வரம்புக்கு உட்பட்டதல்ல. தட்டான்கள் எவ்வளவு உயரத்தில் பறக்கின்றன என்பது நடத்தை. ஆணையம் நடத்தையைக் கவனத்தில் கொள்வதில்லை. மேலும், மனுவில் குறிப்பிட்டுள்ள தட்டான்கள் இன்னும் பிடித்து வகைப்படுத்தப்படாதவை என்பதால் அவற்றைச் சாட்சியாக ஏற்க இயலாது. கடைசி வரியில், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அம்பாரத்தின் அருகிலேயே பெயர்சூட்டு விழா நடக்கும், அனைவரும் வருக என்று இருந்தது.

பஞ்சநாதனுக்குப் படித்துக் காட்டினேன். சாட்சியாக ஏற்க மாட்டார்கள் என்றால் தட்டான் பொய் சொல்கிறது என்கிறார்களா என்று கேட்டார். அப்படியில்லை, அது சொன்னது காதில் விழவில்லை என்கிறார்கள் என்றேன்.

வியாழக்கிழமை விழாவுக்கு ஷாமியானா போட்டார்கள். சிவப்பும் வெள்ளையுமான பெரிய பந்தல், ஐம்பது நாற்காலி, மைக் செட். கண்ணாடிப் பெட்டிக்கு மட்டும் தனி மேடை. பந்தலுக்கும் அம்பாரத்துக்கும் பத்தடிதான் தூரம். பஞ்சநாதன் பந்தல்காரரிடம் போய், இதையே பத்தடி தள்ளிப் போட்டால் என் உப்பும் உள்ளே வந்துவிடுமே, நாற்காலிகளை அம்பாரத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டார். பந்தல்காரர் கலையரசனைக் கேட்கச் சொன்னார். கலையரசன் பாவம், ஒரு நிமிஷம் யோசித்தார். அம்பாரத்தின்மேல் நிழல் விழக்கூடாது என்று அவரே எழுதியிருந்தது ஞாபகம் வந்ததும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

பத்தேகாலுக்கு இயக்குநர் பேசத் தொடங்கினார். கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. மழைத்தட்டான்கள் பந்தலுக்குள் புகுந்து அவர் முகத்துக்கு நேராகவே பறந்தன. அவர் கையிலிருந்த பேப்பரால் அவற்றை விரட்டிக்கொண்டே, தட்டான்களுக்காகவே வாழ்ந்து வருவதாகச் சொன்னார்.

"நாம இல்லேன்னா இந்தத் தட்டான் எல்லாம் தான் யாருன்னே தெரியாம செத்துப்போயிருக்கும்" என்று அவர் சொன்னபோது முதல் துளி விழுந்தது.

எங்கள் பக்கத்து மழை தூறிக்கொண்டு நிற்காது. ஐந்து நிமிஷத்தில் ஊற்றத் தொடங்கிவிட்டது. பஞ்சநாதன் யாரையும் கேட்காமல் நாடாவைப் பிய்த்தார். நான் கீற்று எடுக்க ஓடினேன். ஓடிப் பார்த்தால் அங்கே ஏற்கனவே ஆட்கள். ஷாமியானா துணி நனைந்து ஒழுகத் தொடங்கியதும், ஐம்பது நாற்காலிக்காரர்களும் ஆளுக்கொரு கீற்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். தட்டான் பிரிவு தன் கோப்புகளுக்கு ஆறு கீற்று எடுத்தது. அதைப் பார்த்து ஊசித்தட்டான் பிரிவும் ஆறு எடுத்தது. மைக் செட்டுக்கு நாலு. இயக்குநருக்கு மட்டும் இரண்டு பேர் நாலு கீற்றைப் பல்லக்கு மாதிரி பிடித்துப் போனார்கள்.

மிச்சம் இருந்ததை வைத்து நாங்கள் நாலு பேர் மூடினோம். நாலாவது ஆள் அரசப்பன். பதிவேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து கீற்றைப் பிடித்துக்கொடுத்தார். ஆனால் எண்பது கீற்று வேண்டிய இடத்தில் பத்துக் கீற்று என்ன செய்யும். தண்ணீர் எங்கே இறங்குகிறதோ அங்கே அம்பாரம் பள்ளம் விழுந்து சரிந்தது. உப்பு கரையும்போது சத்தம் வராது. பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். சின்னப்பாப்பா சரிகிற உப்பை இரண்டு கையாலும் அணைத்து மேலே தள்ளிக்கொண்டே அழுதாள். மழை விட்டபோது, ஆள் உயரத்துக்கு மேலே நின்ற அம்பாரம் என் இடுப்பளவுக்கு இருந்தது.

பந்தல் மேடையில் கண்ணாடிப் பெட்டியை மறந்துவிட்டு ஓடியிருந்தார்கள். மூடி திறந்திருந்த பெட்டிக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது. சின்னப்பாப்பா கையைவிட்டு எடுத்தாள். மங்கின மஞ்சள் உடம்பு, பெரிய பழுப்புக் கண்கள் இரண்டும் ஒட்டி, கண்ணாடி போன்ற இறக்கை. மழைத்தட்டான். இரண்டு நாளாக முழங்கால் உயரத்தில் பறந்து மழை வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததே, அதேதான். கலையரசன் நனைந்துபோய்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் அதைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. திரும்பி ஜீப்புக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஆணையத்தின் அறிக்கை வந்தது. தவறு நடந்துவிட்டது என்று எழுதியிருப்பார்கள் என நான் எதிர்பார்த்தேன் என்றால், இருபது வருடம் ஜெராக்ஸ் எடுத்தும் எனக்குப் புத்தி வரவில்லை என்று அர்த்தம். புருஷோத்தமிடே குடும்பத்தின் ஒரே இனமான மரக்காணம் வெள்ளைத் தட்டான், பெயர் சூட்டப்பட்ட அன்றே உலகத்திலிருந்து அழிந்துபோனது என்று அறிவித்திருந்தார்கள். கண்டுபிடித்ததற்காக இயக்குநருக்குப் பதவி நீட்டிப்பு. அழிந்ததைப் பற்றி ஆராய, ஊசித்தட்டான் பிரிவைப் பெரிதாக்கி, அழிந்த இனங்கள் பிரிவு என்று பெயர் மாற்றி, மேரிசெல்வியிடமே கொடுத்தார்கள். இரண்டு பிரிவும் இப்போது பேசிக்கொள்கின்றன என்று கேள்வி. அம்பாரம் இருந்த மேட்டில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். கூடவே பஞ்சநாதனுக்கு ஒரு நோட்டீஸ். தலத்தின் பாதுகாவலர் என்ற முறையில், அதைக் கரையவிட்டதற்கு அவர்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

அந்த நோட்டீஸ் வந்தபோது பஞ்சநாதன் அனுமந்தையில் மீன் கூடை சுமந்துகொண்டிருந்தார். சின்னப்பாப்பா குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டப் போனாள். விடியற்காலையில் கிளம்பினால் பஸ் மாறி இருட்டிய பிறகுதான் வீடு. மழைக்காலம் முழுக்க அப்படித்தான் ஓடியது. தவணை கேட்டு, தவணை கேட்டு, நான் விளக்கத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மாசியில் மறுபடியும் பாத்தி கட்டினார்கள். முதல் உப்பு வழிக்கிற அன்று, விளக்கத்தில் கைநாட்டு வாங்க நான் அளத்துக்குப் போனேன். சின்னப்பாப்பா வழித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். உப்பு வழிக்கிற பலகையின் முனையில் ஒரு தட்டான். உடம்பு வெள்ளை, கண் வெள்ளை, இறக்கை வெள்ளை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை இப்படியே ஒரு டப்பாவில் போட்டு விளக்கத்தோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பலாம், ஒரு பாட்டில் தண்ணீரும் சேர்த்து அனுப்பலாம், அவர்கள் கண் முன்னாலேயே பொய் கரையட்டும், உங்கள்மேல் இருக்கிற பழியும் போகும் என்றேன். பேசிக்கொண்டே போனேன். சின்னப்பாப்பா முழுவதையும் கேட்டாள்.

"அழிஞ்சுபோனது திரும்பக் கெடைச்சிடுச்சின்னு வருவாங்க. இந்த வாட்டி பாத்தியச் சுத்திக் கயிறு கட்டுவாங்க" என்றாள்.

அவள் ரோட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கார் எதுவும் நிற்கவில்லை. பஞ்சநாதன் வரப்பிலிருந்து குடிதண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வந்து நீட்டினார். அளத்தில் அந்த வெயிலில் ஒரு பாட்டில் தண்ணீர் என்றால் என்ன என்று உழைத்தவர்களுக்குத் தெரியும். அவள் தட்டானை உள்ளங்கையில் வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இறக்கை கிழியாமல் விரலால் தடவித் தடவிக் கழுவினாள். மஞ்சள் வந்ததும் வரப்பில் வைத்தாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆதிமூலத்தின் அளத்தில் அவர் குனிந்து எதையோ சொம்பில் அலசிக்கொண்டிருந்தார். அதற்கு அப்பாலும் இரண்டு பேர். பாத்தி கட்டியதிலிருந்தே காலையில் வந்ததும் எல்லாருக்கும் முதல் வேலை இதுதான் என்றார் பஞ்சநாதன்.

நினைவுப் பலகைக்கு மாலை போட அந்த மாதமே கலையரசன் ஜீப்பில் வந்தார். கையில் படிவம் இருந்தது. இந்தப் பக்கம் வெள்ளையாக ஏதாவது தட்டான் பார்த்தீர்களா என்று வரிசையாக எல்லோரையும் கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். கடைசியாகச் சின்னப்பாப்பாவிடம் வந்தார். வரப்பில் ஈரத்தோடு காய்ந்துகொண்டிருந்த ஏழெட்டுத் தட்டான்களை அவர் பார்த்தார். அவளையும் பார்த்தார். படிவத்தில் "இல்லை" என்று அவரே எழுதிக்கொண்டார்.

பிறகு ஜீப்பில் இருந்த தன்னுடைய தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வந்து, வரப்பில் வைத்துவிட்டுப் போனார்.